வாவிக் காற்றில் கமராவைக் காப்பாற்றுவதும் அதால் படம் எடுப்பதும்

எந்தக் கமரா வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீடு எங்கே இருக்கிறது என்பதைத்தான். மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற எழுவான்கரையில் வீடு என்றால், கமராவுக்கு முன்னால் வாங்க வேண்டியது இறுகப் பூட்டுகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டி. வீட்டு கேற்றுக்கு வருஷம் தவறாமல் பெயின்ற் அடித்தும் பிணைச்சலில் துரு வந்துவிடுகிறதே, அதே காற்றுத்தான் கமராவுக்குள்ளும் போகிறது. கொழும்பில் இருப்பவரோ சென்னையில் இருப்பவரோ வீடியோவில் சொல்கிற ஆலோசனை எல்லாம் நல்லதுதான், ஆனால் எங்கள் மாரியை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் உடுப்பே காயாத வீட்டில் லென்ஸ் மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு லென்ஸைப் பறிகொடுத்துத்தான். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்தது, நல்ல தோல் உறையோடு. அந்த உறையிலேயே போட்டு அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தேன், ஒரு மாரி முழுக்க எடுக்கவேயில்லை. தைப்பொங்கலுக்கு வெளியே எடுத்து அடுப்புப் பக்கம் திருப்பிப் படம் எடுத்தால் எல்லாம் வெளிறிப்போய், புகைக்குள்ளால் பார்ப்பதுபோல இருந்தது. பொங்கல் புகை என்றுதான் முதலில் நினைத்தேன். இரவில் டோர்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்தால் பார்த்தபோதுதான் தெரிந்தது, கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை நூல்கள் கிளை கிளையாகப் போயிருந்தன. பூஞ்சணம். உள் கண்ணாடியில் வந்துவிட்டால் லென்ஸைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும், அப்படித் துடைத்தாலும் அது கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், இருட்டும் காற்றோட்டமில்லாத அலுமாரியும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு வேறு என்ன வேண்டும். உறை, துணிப்பை எல்லாம் வெளியே கொண்டுபோவதற்கு மட்டும்தான், வீட்டில் வைப்பதற்கு இல்லை.

சரி, பெட்டி. உலர்பெட்டி என்று மின்சாரத்தில் வேலை செய்கிற ஒன்று விற்கிறார்கள், காசு இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் சாப்பாட்டுச் சாமான் போட்டு வைக்கிற, மூடியில் ரப்பர் வளையம் உள்ள, நான்கு பக்கமும் கொளுவிப் பூட்டுகிற பெட்டி போதும். அதற்குள் ஒரு சின்ன ஈரப்பதன் மானியும் சிலிக்கா ஜெல்லும். மானியில் 40 முதல் 50 சதவீதம் வரை காட்டினால் சரி. 60 தாண்டத் தொடங்கினால் ஜெல் ஈரத்தை நிறையக் குடித்துவிட்டது என்று அர்த்தம், 30க்குக் கீழே போனால் ஜெல்லைக் கொஞ்சம் குறையுங்கள், அளவுக்கு மீறிக் காய்வதும் லென்ஸுக்குள் இருக்கிற மசகுக்கும் ரப்பருக்கும் நல்லதில்லை. நிறம் மாறுகிற ஜெல்லாக வாங்குங்கள். செம்மஞ்சள் நிறத்தில் இருந்து ஈரம் குடித்ததும் பச்சையாகிற வகை நல்லது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிற பழைய வகையில் கோபால்ட் குளோரைட் இருக்கிறது, அது நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறிய ஜெல்லை வீசத் தேவையில்லை, கேக் அவிக்கிற அவனில் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும், அதற்கென்று ஒரு பழைய தட்டை ஒதுக்கி வையுங்கள், அதில் பிறகு சமைக்க வேண்டாம். அரிசிக்குள் புதைத்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அரிசியில் மா இருக்கிறது, அந்தத் தூள் லென்ஸின் வளையத்துக்குள்ளும் பட்டன்களின் இடுக்கிலும் போய் உட்காரும்.

இவ்வளவையும் விடப் பெரிய பாதுகாப்பு, வாரத்தில் ஒருநாளாவது கமராவை எடுத்துப் பாவிப்பது. பாவிக்கிற லென்ஸில் பூஞ்சணம் வருவது குறைவு.

கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன், அதை மாற்ற வேண்டாம். பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ போய் வந்ததும் முதலில் காற்றூதியால் ஊதுங்கள், கமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு. வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். பிறகு மென்மையான தூரிகை. அதற்கும் பிறகுதான் துணி. மணல் இருக்கும்போதே துணியால் துடைத்தால் அந்தத் துணி அரத்தாள்தான். சேர்ட் நுனி, சேலைத் தலைப்பு, லேஞ்சி இவை ஒன்றும் லென்ஸுக்கு ஆகாது. கமராவின் உடம்பில் ஒட்டியிருக்கிற உப்பு வெறும் துணியில் போகாது, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒருதரம் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒருதரம். கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றவே வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வாகனத்துக்குள் ஏறி, கமராவை ஓஃப் பண்ணி, வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். சென்சரில் தூசு இருக்கிறதா என்று பார்க்க, வெறும் வானத்தை, அப்பச்சரை (லென்ஸின் வெளிச்சத் துளையை) எஃப் 16 க்குச் சுருக்கி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சாம்பல் பொட்டுகள் தெரியும்.

ஏசி போட்ட வாகனத்தில் இருந்து இறங்கியதும் படம் எடுக்க முடியாமல் லென்ஸ் பனித்துப்போவது எல்லோருக்கும் நடக்கிறது. குளிர்ந்த கண்ணாடியில் வெளிச்சூடு பட்டால் தண்ணீர் கட்டும், வெளியே மட்டுமில்லை, உள்ளேயும். இறங்க முன்னரே கமராவை இறுகப் பூட்டுகிற பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமத்தி எடுத்துவிட்டு, வெளியே வந்து ஒரு அரை மணித்தியாலம் அப்படியே விடுங்கள். தண்ணீர் பையின் மேல் கட்டும், கமராவில் கட்டாது. கலியாண வீட்டு ஹோலுக்கும் இதே கதைதான்.

பழைய கமரா வாங்குவதில் தப்பே இல்லை, நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் கையில் டோர்ச் இல்லாமல் போகாதீர்கள். லென்ஸைக் கழற்றி, அப்பச்சரை முழுதாகத் திறந்து, வெளிச்சத்தைச் சரிவாகக் காட்டிப் பாருங்கள், நான்கு தூசி இருந்தால் பரவாயில்லை, நூல் தெரிந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்த ஒன்றை மற்ற லென்ஸுகளோடு ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது. பற்றரி போடுகிற இடத்திலும் லென்ஸ் பொருந்துகிற வளையத்திலும் பச்சை பூத்திருந்தால் அது உப்பின் வேலை. ஷட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்று கேளுங்கள், தொடக்கநிலைக் கமராக்கள் பலவற்றுக்கு ஒரு லட்சம் வரை என்று கணக்குச் சொல்வார்கள், அதைத் தாண்டியும் ஓடும், ஆனால் விலை பேசுவதற்கு அந்த இலக்கம் உதவும். நிக்கோனில் 3000, 5000 வரிசைக் கமராக்களுக்குள் போகஸ் மோட்டர் கிடையாது, தனக்குள் மோட்டர் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் கையால்தான் போகஸ் பண்ண வேண்டிவரும்.

கமராவோடு வருகிற 18-55 லென்ஸுக்கு அடுத்து என்ன என்றால், 50 மி.மீ. எஃப் 1.8. விலை குறைந்த லென்ஸ், இரவு வெளிச்சத்தில் அது செய்கிற வேலையை மும்மடங்கு விலையுள்ள சூம் லென்ஸ் செய்யாது. சின்ன சென்சர் கமராவில் அது 75 அல்லது 80 போல நெருங்கிக் காட்டும், ஆளின் முகத்துக்கு அருமை, வீட்டு விறாந்தையில் நின்று குடும்பத்தை எடுக்க இடம் போதாது. வீட்டுக்குள் எடுப்பதுதான் கூட என்றால் 35 வாங்குங்கள். யூவி பில்டர் கடற்கரையில் போடுங்கள், இரவில் கழற்றுங்கள், லைட்டுகள் அதில் பட்டுப் படத்தில் பேய் வெளிச்சம் மாதிரி விழும். லென்ஸின் முன்னால் மாட்டுகிற ஹூட் எப்போதும். போலரைசர் பில்டர் பாசிக்குடாவில் பகலில் பிரயோசனம், சூரியனுக்குப் பக்கவாட்டில் நின்று வளையத்தைச் சுற்றினால் தண்ணீரின் பளபளப்பு போய் அடிமணல் தெரியும். அது வெளிச்சத்தையும் குடிக்கும், அதனால் பின்னேரம் கழற்றிவிடுங்கள். ட்ரைபொட் பாரம் குறைந்தது வாங்கினால் கச்சான் காற்றில் நடுங்கும், நடுக்கம்பியில் பையைத் தொங்கவிட்டுச் சமாளிக்கலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கூத்து. எங்கள் ஊர்களில் வடமோடி, தென்மோடி என்கிற இரண்டு வகைக் கூத்தையும் இன்னும் விடிய விடிய ஆடுகிறார்கள், அதைச் சரியாக எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பொறுப்பு மாதிரி. களரி, அதாவது கூத்து ஆடுகிற இடம், வட்டம், சனம் சுற்றி இருக்கும், ஆட்டக்காரர் எல்லாப் பக்கமும் திரும்பி ஆடுவார், ஆகவே நீங்கள் ஓடத் தேவையில்லை, ஒரு இடம் பிடித்து இருங்கள், அவர் உங்களிடம் வருவார். பிளாஷ் வேண்டாம். முதல்தரம் நான் பிளாஷ் அடித்தபோது, கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தில் இருந்து கை எடுக்காமலே சொன்னார், "மனே, அந்த லைற்ற அடிக்காத, ஆடுறவனுக்குக் கண் கட்டும்." அன்றிலிருந்து நான் அடிப்பதில்லை, களரி தொடங்க முன்னர் அவரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் கமராவையே எடுப்பேன்.

அங்கே உள்ள பிரச்சினை வெளிச்சம் குறைவு என்பது மட்டுமில்லை, வெளிச்சம் துடிக்கிறது என்பதும்தான். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி லைட்டும் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/500 செக்கனில் வைத்து அடுத்தடுத்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் மற்றது இருட்டாகவும், சிலவற்றில் குறுக்கே கறுப்புப் பட்டியும் வரும். கமரா பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு போனவர்களைத் தெரியும். 1/100 இல் வையுங்கள், பட்டி போய்விடும். சத்தமில்லாத இலத்திரனியல் ஷட்டரை அங்கே பாவிக்க வேண்டாம். அப்பச்சர் எஃப் 2 அல்லது 2.2, வெளிச்ச உணர்திறனைக் குறிக்கிற ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, கமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கிற ரோ கோப்பு. மணல்மணலாக வருகிறது என்று பயந்து ஐஎஸ்ஓவைக் குறைக்காதீர்கள், மணலைப் பிறகு குறைக்கலாம், அசைந்த முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

1/100 இல் சுழல்கிற ஆட்டக்காரர் உறைந்து நிற்க மாட்டார், உண்மை. அதனால் தாளத்தைக் கேளுங்கள். ஆட்டம் வேகமாகி, சதங்கை ஒன்றாகக் குலுங்கி, தாளக்கட்டை முடிக்கிற தீர்மானம் விழுகிற அந்தக் கணத்தில் ஆட்டக்காரர் ஒரு நொடி நிற்பார், இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கிற கரப்புடுப்பு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது அமத்துங்கள். முகம் கூர்மையாகவும் உடுப்பு சுழல்கிற மாதிரியும் ஒரே படத்தில் வரும். இரண்டு மூன்று கூத்து முன்னதாகக் கமரா இல்லாமல் போய்ப் பார்த்திருந்தால் அந்த இடம் உங்களுக்குத் தானாகவே தெரியும். இரண்டு பற்றரி கொண்டு போங்கள், விடிகிற நேரம்தான் நல்ல கட்டம் வரும்.

வாவிக்கு வேறு கணக்கு. கல்லடியில் நின்றால் சூரியன் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் விழும், பௌர்ணமிப் போயாவுக்கு ஏறத்தாழ அதே நேரம் சந்திரன் கடலில் எழும்பும். போயாவுக்கு முதல் நாள் போவது இன்னும் நல்லது, அன்று சூரியன் விழ முன்னரே சந்திரன் வந்துவிடும், கடலும் தெரியும் சந்திரனும் தெரியும். எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 200 இல் தொடங்கிப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். பாலத்தின் மேல் ட்ரைபொட் வைத்தால் வாகனம் போகிறபோது அதிரும், கரையில் வையுங்கள், லென்ஸின் ஆட்டம் தடுக்கிற சுவிட்சை ஓஃப் பண்ணி, இரண்டு செக்கன் டைமரில். தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறவரை எடுக்க 1/1000 வேண்டும், வெளிச்ச அளவை ஒரு படி குறைத்தால் வலை முழுதாக விரிகிறபோது கண்ணி கண்ணியாகக் கறுப்பில் தெரியும். எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள், போனில் அனுப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, படங்களை எங்கே வைப்பது. 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் எங்கள் கரையில் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் போய்விட்டன. என் அம்மம்மாவின் முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு படம்கூட இன்று எங்களிடம் இல்லை. அதனால் நான் எடுப்பது எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்று கல்லடியில் என் வீட்டில், மற்றது செங்கலடியில் அக்கா வீட்டில், அதே மாதிரி ஒரு பூட்டுப் பெட்டிக்குள். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போய், புதுப் படங்களை ஏற்றிவிட்டு, ஜெல் பச்சையாகிவிட்டதா என்றும் பார்த்துவிட்டு வருவேன்.