முதலில் ஒரு தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள்: தொடக்கப் பள்ளியில் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து வேலை செய்யும் வழி

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் செய்திகளை ஒரு மாதம் சேர்த்து வைத்துப் பாருங்கள். வீட்டுப்பாடம் எழுதவில்லை. பக்கத்துப் பையனை அடித்துவிட்டாள். கட்டணம் பாக்கி. விழாவுக்கு வெள்ளை உடை வேண்டும். நாளை கூட்டம், தவறாமல் வரவும். பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். பள்ளியின் எண் ஃபோனில் தெரிந்தாலே வயிறு கலங்கும் ஒரு அம்மாவிடம், "வாங்கம்மா, சேர்ந்து பள்ளியை நல்லபடியா ஆக்குவோம்" என்று திடீரென்று சொன்னால் அவர் எப்படி நம்பி வருவார்?

தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியராகவும், அப்புறம் தலைமை ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் பிள்ளைகள் படித்த பள்ளியில் பெற்றோர் வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சின்ன வேலையைச் செய்கிறோம் என்று சொல்லி, அது சொன்ன தேதிக்குள் முடிந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தால்தான் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நடுவில் நம்பிக்கை பிறக்கும். சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் 1990களில் நீண்ட ஆய்வு ஒன்று நடந்தது. பெரியவர்கள் ஒருவரையொருவர் நம்பிய பள்ளிகளில் வாசிப்பும் கணக்கும் முன்னேறும் வாய்ப்பு அதிகமாக இருந்ததை அதில் கண்டார்கள். மரியாதை, அவரவர் வேலையில் திறமை, அடுத்தவர் மேல் அக்கறை, சொல்லும் செயலும் ஒன்றாக இருப்பது ஆகிய நான்கையும் வைத்தே மனிதர்கள் ஒருவரை நம்பலாமா என்று எடைபோடுகிறார்கள் என்றும் அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். நாலாவதை நான் முதலில் வைப்பேன்.

முதல் செய்தி நல்ல செய்தியாகப் போகட்டும்

வகுப்பு தொடங்கிய முதல் மாதத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஆசிரியரிடமிருந்து ஒரு நல்ல செய்தி போக வேண்டும். 40 பிள்ளைகள் இருந்தால், நாளைக்கு இரண்டு பேர் வீதம் 20 பள்ளி நாட்களில் முடித்துவிடலாம். ஃபோனில் இரண்டு நிமிடம் பேசினாலும் போதும், டைரியில் இரண்டு வரி எழுதினாலும் போதும். ஆனால் "நல்ல பையன்", "நன்றாகப் படிக்கிறாள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். அன்றைக்குப் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். "பக்கத்துப் பெண் பென்சில் கொண்டுவரவில்லை. உங்கள் மகன் தன் பென்சிலைப் பாதியாக உடைத்துக் கொடுத்தான்" என்று கேட்ட அப்பா அதை மறக்கமாட்டார். நம் பிள்ளையை இந்த டீச்சர் கவனித்துப் பார்க்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிடும். சில மாதம் கழித்து ஒரு குறையைச் சொல்ல அதே டீச்சர் கூப்பிட்டால், சண்டைக்கு வராமல் காது கொடுப்பார்.

வருகைப் பதிவேட்டின் நகல் ஒன்றில் பெயர்களை டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். படிப்பில் முதலில் வருபவர்களும் குறும்புக்காரர்களும் தாமாக நினைவுக்கு வந்துவிடுவார்கள். நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் விட்டுப்போவார்கள். டிக் விழாத பெயர் மாதக் கடைசியில் கண்ணில் படும். அந்தப் பிள்ளையை மறுநாள் கூர்ந்து கவனியுங்கள்.

இது பெற்றோருக்கும் பொருந்தும். ஆசிரியருக்கு வீட்டிலிருந்து வருவதும் பெரும்பாலும் புகார்தான். "நேற்று நீங்கள் சொன்ன கதையை வீட்டில் எல்லாருக்கும் நடித்துக் காட்டினாள் டீச்சர்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிப் பாருங்கள். அந்த வரியை டீச்சர் பத்திரமாக வைத்துக்கொள்வார். நானும் அப்படிச் சிலவற்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

முடிந்தால் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோ நகரில் 1998இல் இதை முறையாகத் தொடங்கினார்கள், பிறகு வேறு பல ஊர்களுக்கும் பரவியது. அவர்கள் வைத்த விதிகள் மிக நல்லவை. இரண்டு பக்கமும் விரும்பினால் மட்டும் போக வேண்டும். இரண்டு பேராகப் போக வேண்டும். சிக்கல் உள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது. போனவுடன் மதிப்பெண் பேசாமல், "உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு என்ன ஆசை, என்ன கனவு?" என்று கேட்க வேண்டும். ஆசிரியர்கள் செலவிடும் அந்த நேரத்துக்குச் சம்பளமும் உண்டு. கடைசி விதியை நிர்வாகங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆசிரியரின் சொந்த நேரத்தை இலவசமாக எடுத்துக்கொண்டு ஒத்துழைப்பு கேட்பது நியாயமாகாது.

பிள்ளையின் உயரத்திலிருந்து பள்ளியைப் பாருங்கள்

ஆசிரியர் ஒருவர், பெற்றோர் இரண்டு பேர், துப்புரவுப் பணியாளர் ஒருவர், பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று, சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று. இந்த ஆறு பேர் போதும். கையில் ஒரு நோட்டோடு வாயிற்கதவிலிருந்து கடைசி வகுப்பறை வரை நடந்து போங்கள். முன்னால் நடப்பது பிள்ளைகளாக இருக்கட்டும். "உனக்கு இங்கே எந்த இடம் பிடிக்கும்? எந்த இடத்துக்குப் போகப் பயமாக இருக்கும்? எங்கே தள்ளுமுள்ளு நடக்கும்?" என்று அவர்களைக் கேளுங்கள். பெரியவர்கள் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கழிப்பறையில் கூடுதல் நேரம் நில்லுங்கள். தாழ்ப்பாள் ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிறதா? உள்ளே வெளிச்சம் இருக்கிறதா? வாளியும் குவளையும் எங்கே இருக்கின்றன? சோப்பு இருக்கிறதா, அது கைக்கு எட்டுகிறதா? கழிப்பறை பிடிக்காத பிள்ளை அங்கே போவதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் இப்படித் தொடங்குவதுண்டு. மதியத்துக்கு மேல் தலைவலி என்று சொல்லும் பிள்ளை, வகுப்பில் நெளிந்துகொண்டே இருக்கும் பிள்ளை, வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடும் பிள்ளை. முதல் இரண்டையும் ஆசிரியர் பார்க்கிறார், மூன்றாவதை வீட்டில்தான் பார்க்கிறார்கள். மூன்றும் ஒரே பிள்ளையாக இருக்கலாம். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினால்தான் அது தெரியவரும்.

நோட்டில் முப்பது நாற்பது குறைகள் சேரும். அவற்றிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். எல்லார் கண்ணுக்கும் தெரிவதாக, பெரிய அனுமதி எதுவும் தேவைப்படாததாக, ஒரு மாதத்தில் முடியக்கூடியதாக அது இருக்க வேண்டும். தாழ்ப்பாளைக் கீழே இறக்கி அடிப்பது அப்படிப்பட்ட வேலை. பள்ளி விடும் நேரத்து நெரிசலைக் குறைக்க, சின்ன வகுப்புகளைப் பத்து நிமிடம் முன்னால் அனுப்புவதும் அப்படித்தான். மேடை கட்டுவது, கணினி அறை திறப்பது எல்லாம் பிறகு வரட்டும்.

வாயிற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். அதில் மூன்று கட்டம்: என்ன கேட்டார்கள், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். வேலை முடிந்ததும் முடிந்த தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்பதையும் அங்கேயே எழுதுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்து வெளியிலேயே நின்றுவிட்டுப் போகும் ஆட்கள் இந்தப் பலகையைப் படிப்பார்கள். கூட்டத்துக்கே வராத ஒருவர் ஒருநாள், "டீச்சர், குழாய் ஒழுகுதுன்னு போட்டிருக்கே, நான் பிளம்பர் வேலைதான் பாக்கிறேன்" என்று தானாக வந்து நிற்பார். நான் பார்த்த பள்ளிகளில் நல்ல துணைகள் பலர் இப்படித்தான் கிடைத்தார்கள்.

பணம் திரட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வசூலில் தொடங்கிய குழுக்கள், கொடுக்க முடிந்தவர்களின் குழுவாகவே நின்றுவிடுகின்றன. கொடுக்க முடியாதவர் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார், அவர் பிள்ளைக்கும் அது தெரியும். பணம் தேவைப்படும் கட்டம் வந்தால் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்கக் கூடாது. வரவு செலவு அதே பலகையில் இருக்க வேண்டும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எங்கேயும் இருக்கக் கூடாது.

கூட்டம்

ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடியுங்கள். ஆசிரியர் மேசைக்குப் பின்னால், பெற்றோர் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி மடக்கி என்ற ஏற்பாட்டை முதலில் மாற்றுங்கள். எல்லாரும் வட்டமாக, ஒரே மாதிரி நாற்காலியில் உட்காரட்டும். நாற்காலி போதாவிட்டால் எல்லாரும் தரையில் உட்காரலாம். தனி ஒரு பிள்ளையின் பேச்சைப் பொதுக் கூட்டத்தில் எடுக்கவே கூடாது, அதற்கு வேறு நேரம் கொடுங்கள்.

வந்தவர்களைப் பார்த்து, யார் வரவில்லை என்று யோசியுங்கள். இரவு வேலை பார்ப்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், வேறு மொழி பேசுகிறவர்கள். "அக்கறை இல்லாத பெற்றோர்" என்று ஆசிரியர் அறையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு எப்போதும் வலிக்கும். சுற்றறிக்கையைப் படிக்கத் தெரியாததை மறைக்கத்தான் ஒருவர் வராமல் இருக்கிறார் என்றால், அக்கறைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒரே கூட்டத்தைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நடத்துங்கள். அறிவிப்பைக் குரல் செய்தியாகவும் அனுப்புங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வகுப்பறையில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். வாயிலில் நேரில் பார்த்து, "நீங்க வந்தா நல்லா இருக்கும் பாட்டி" என்று சொல்வதற்கு எந்தச் சுற்றறிக்கையும் ஈடாகாது.

பேச்சு சூடாகும்போது கைகொடுக்கும் மூன்று விதிகள் உண்டு. ஜேம்ஸ் கோமர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1968இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தவை அவை. யார் தப்பு என்று தேடாமல் என்ன செய்யலாம் என்று மட்டும் பேசுவது முதல் விதி. வாக்கெடுத்து ஒரு பக்கத்தைத் தோற்கடிக்காமல், எல்லாரும் ஏற்கும் முடிவு வரும்வரை பேசுவது இரண்டாவது. குழு தலைமை ஆசிரியரின் கையைக் கட்டிப்போடக் கூடாது, தலைமை ஆசிரியரும் குழுவைத் தாண்டித் தனியாக முடிவெடுக்கக் கூடாது என்பது மூன்றாவது. இவற்றை ஒரு அட்டையில் எழுதி நடுவில் வையுங்கள். யாராவது "அந்த டீச்சராலதான்" என்று ஆரம்பித்தால் அட்டையைத் தொட்டுக் காட்டினால் போதும், வேறு பேச்சு வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு மட்டும் போகட்டும். பிள்ளையின் பெயர், படம், புகார் எதுவும் வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் டீச்சரிடம் பதில் எதிர்பார்க்காதீர்கள்.

பள்ளிக்கு வராத பிள்ளைகள்

முதல் சின்ன வேலை முடிந்து கொஞ்சம் தெம்பு வந்த பிறகு இதைக் கையில் எடுங்கள். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு விட்டுப்போனால் படிப்பு பாதிக்கும் என்று பல இடங்களில் எல்லை வைத்திருக்கிறார்கள். 200 நாள் உள்ள ஆண்டில் அது 20 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டு நாள்தான். மாதம் இரண்டு நாள் என்பது எந்த வீட்டிலும் பெரிதாகத் தெரியாது. மிரட்டல் கடிதம் அனுப்பாமல், இந்தக் கணக்கை மட்டும் பெற்றோரிடம் காட்டுங்கள். "இந்த மாதம் இத்தனை நாள் வரவில்லை, எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று கேளுங்கள்.

கேட்டால் காரணம் வரும். பல சமயம் அது கூட்டிவர ஆள் இல்லை என்பதாக இருக்கும். அதற்கு 'நடை பஸ்' ஒரு நல்ல வழி. ஆஸ்திரேலியாவில் டேவிட் எங்விக்ட் என்பவர் 1990களில் முன்வைத்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய யோசனை இது. பெரியவர்கள் இரண்டு பேர் குறித்த பாதையில், குறித்த நேரத்தில் நடந்து வருவார்கள். வழியில் நிறுத்தங்கள் இருக்கும், அங்கே காத்திருக்கும் பிள்ளைகள் வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒரு பெரியவர், அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் ஒரே பாதையில், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் நடத்திப் பாருங்கள். மழை நாளில் என்ன செய்வது, ஒரு பெரியவர் வர முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதை முன்பே எழுதிவையுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்ய வரும் யாரையும் பள்ளி தன் விதிப்படி விசாரித்த பிறகே அனுமதிக்க வேண்டும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும்படி எந்த ஏற்பாடும் வேண்டாம். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் இதில் விலக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்த ஆண்டுக்கு

ஆசிரியர் மாற்றலாகிப் போவார், பெற்றோரின் பிள்ளை அடுத்த பள்ளிக்குப் போய்விடும். அதனால் ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஒரு கோப்பு தயாராக வேண்டும். சுற்றிவந்தபோது எழுதிய நோட்டு, பலகையில் முடிந்தவை, முடியாதவை, கணக்கு, நடை பஸ் பாதையின் படம், யாருக்கு எந்த வேலை தெரியும் என்ற பட்டியல் எல்லாம் அதில் இருக்கட்டும். புதிதாகச் சேரும் வகுப்பின் பெற்றோரிலிருந்து இரண்டு பேரைக் கடைசிக் கூட்டத்துக்கே அழைத்து, கோப்பை அவர்கள் கையில் கொடுங்கள். முடியாத வேலைகளில் அடுத்து எதை எடுப்பது என்று அவர்களே சொல்லட்டும்.