போர் விமானச் சோதனைப் பறப்புகளுக்குக் காலவரிசை எழுதுவது எப்படி

போர் விமானங்களின் சோதனைப் பறப்பு வரலாற்றைத் தொகுக்க முனைவோர் பெரும்பாலும் தேதி, விமானத்தின் பெயர், விமானியின் பெயர் என்று மூன்று கட்டங்கள் போட்டு நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அவற்றோடு நான்காவது கட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பறப்பு எந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டது என்பதை அதில் ஒரே வரியில் எழுதுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப இயலாத நிகழ்வை, அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், மைல்கல் என்று குறிக்க அவசரப்பட வேண்டாம்.

பட்டியலை அமெரிக்காவின் ஃபோர்ட் மையர் திடலிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில் அங்கே கேள்விகள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தன. இருவரைச் சுமந்தபடி மணிக்கு 40 மைல் வேகத்தில் பறக்க வேண்டும், ஒரு மணி நேரம் தரையிறங்காமல் இருக்க வேண்டும் என்று ராணுவம் ரைட் சகோதரர்களிடம் கேட்டிருந்தது. 1908 செப்டம்பர் 17 அன்று உந்துவிசிறி ஒன்று விரிசல் விட்டதால் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானம் விழுந்து நொறுங்கியது. உடன் சென்ற லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் உயிரிழந்தார். மறு ஆண்டு ஜூலை 30 அன்று நடந்த வேகச் சோதனையில் விமானம் அலெக்சாண்டிரியா வரை ஐந்து மைல் சென்று அதே வழியில் திரும்பியது. ஒரு திசையில் மட்டும் அளந்தால் காற்றின் தள்ளுதலும் வேகத்தோடு சேர்ந்துவிடும் என்பதால், போனதையும் வந்ததையும் சேர்த்துச் சராசரி கணக்கிட்டார்கள். சுமார் 42.5 மைல் வேகம் கிடைத்தது. 25,000 டாலர் விலையோடு 5,000 டாலர் ஊக்கத்தொகையும் கிடைத்தது. சோதனை எப்படி அளக்கப்பட்டது என்ற இந்த விவரத்தை எந்த நிகழ்விலும் விட்டுவிடாதீர்கள்.

ஒலிவேகத்தைத் தாண்டிய நாளான 1947 அக்டோபர் 14 எல்லாப் பட்டியல்களிலும் இருக்கும். அதை எழுதும்போது அதற்கு முந்தைய சில நாள்களுக்குக் கூடுதல் இடம் ஒதுக்குங்கள்; உண்மையான வேலை அங்கேதான் நடந்தது. பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து விடுவிக்கப்பட்ட எக்ஸ்-1 என்ற ராக்கெட் ஆய்வு விமானம், மாக் 0.94ஐ (மாக் 1 என்பது ஒலியின் வேகம்) நெருங்கியபோது, விமானி சக் யேகர் கட்டுப்பாட்டுக் கோலை இழுத்தும் மூக்கு மேலே எழவில்லை. வாலின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் தகடான எலிவேட்டரின் கீல் இருக்கும் இடத்தில் அதிர்ச்சி அலை வந்து நின்றதால், அந்தத் தகடு அசைந்தும் பயன் இல்லாமல் போயிற்று. அப்போது பொறியாளர் ஜாக் ரிட்லி, தகட்டை விட்டுவிட்டுக் கிடைவால் முழுவதையும் சிறிது சிறிதாகச் சாய்த்துப் பார்க்கலாம் என்றார். அந்த வசதி விமானத்தில் முன்பே இருந்தது. அது வேலை செய்தது. யேகர் சுமார் 43,000 அடி உயரத்தில் மாக் 1.06ஐ எட்டினார். பின்னர் வந்த ஒலிமிஞ்சிய போர் விமானங்கள் பலவற்றில் முழுவதும் அசையும் கிடைவால் இடம்பெற்றது. ஆகவே நான்காவது கட்டத்தில் ‘ஒலித்தடையைத் தாண்டலாமா’ என்று எழுதுவதைவிட, ‘அந்த வேகத்தில் விமானம் விமானியின் கைக்குக் கட்டுப்படுமா’ என்று எழுதுவதே சரியானது என்பது என் உறுதியான கருத்து.

‘முதல் பறப்பு’ என்ற சொல்லில் கவனம் தேவை. எஃப்-16 போர் விமானத்தின் முன்மாதிரியான ஒய்எஃப்-16 விமானத்தின் அதிகாரபூர்வ முதல் பறப்பு 1974 பிப்ரவரி 2. ஆனால் ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் சோதனையின்போது, விமானம் இருபுறமும் தள்ளாடி, வலப்புறக் கிடைவால் தரையில் இடித்தது. ஓடுபாதையை விட்டு விலகத் தொடங்கியதும், நிறுத்துவதைவிட மேலே எழுப்புவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்த விமானி ஃபில் ஓஸ்டிரைக்கர், ஆறு நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினார். இத்தகைய இடங்களில் இரண்டு தேதிகளையும் எழுதி, எது திட்டமிட்டது, எது திட்டமிடாதது என்று குறித்துவிடுங்கள்.

விபத்துகளைத் தனிப் பட்டியலாகப் பிரிக்காதீர்கள். எட்வர்ட்ஸ் தளம் 1948இல் ஒய்பி-49 குண்டுவீச்சு விமான விபத்தில் இறந்த கிளென் எட்வர்ட்ஸின் பெயரைத் தாங்குகிறது. 1961 ஜூன் 17 அன்று இந்தியாவின் மாருத் போர் விமானத்தை முதன்முதலில் பறக்கவைத்த சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரி 10 அன்று மாருத் சோதனை விமானம் ஒன்றிலேயே உயிரிழந்தார். இவ்விரு தேதிகளும் ஒரே பக்கத்தில் அருகருகே இருக்க வேண்டும்.

இந்தியாவின் இலகுரகப் போர் விமானமான தேஜஸ் போன்ற நீண்ட திட்டத்துக்கு ஒரு வரி போதாது. 2001 ஜனவரி 4 அன்று பெங்களூருவில் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் 18 நிமிடம் பறந்தது ‘இது பறக்குமா’ என்ற கேள்விக்கு விடை. 2003 ஆகஸ்ட் 1 அன்று ஒலிவேகத்தைத் தாண்டியது வேறொரு கேள்விக்கு விடை. கடற்படை வகைக்குத் தனி வரிசை வேண்டும்: 2014 டிசம்பரில் கோவாவின் கரைத்தளத்தில் சறுக்குமேட்டிலிருந்து எழுந்தது, 2019 செப்டம்பர் 13 அன்று அதே தளத்தில் தடுப்புக் கம்பியில் கொக்கியை மாட்டி நின்றது, 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யா என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறங்கியது என மூன்றும் தனித்தனி வரிகள். கரையில் உள்ள தளம் அசைவதில்லை. கப்பலின் தளம் அலையோடு அசைந்துகொண்டே முன்னேறும். விமானப்படை வகையின் வரிசையில், 2016 ஜூலை 1 அன்று 45ஆம் படைப்பிரிவு தேஜஸை ஏற்றதையும், 2018இல் அது கோயம்புத்தூர் அருகே சூலூருக்கு மாறியதையும் குறித்துக்கொள்ளுங்கள்; ஆனால் படைப்பிரிவுக்கு வந்ததும் சோதனை முடிந்ததாகக் கோடு போட்டுவிடாதீர்கள், ஏனெனில் அந்த விமானத்துக்கான இறுதிச் செயல்பாட்டு அனுமதி 2019 பிப்ரவரியில்தான் கிடைத்தது.