ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு முதன்முறையாகச் செல்பவர்களுக்கு

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டும், "ஆராய்ச்சி" என்ற சொல்லுக்கு அஞ்சி உள்ளே போகாதவர்கள் பலர். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு மட்டுமே உரிய இடம் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். தேடுவதற்கு ஒரு தெளிவான பொருளும், அதைத் தேடும் முறையும் தெரிந்திருந்தால் போதும் என்பது போன பிறகுதான் புரிந்தது.

காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா செட்டியார், தம் வாழ்நாள் முழுவதும் தேடித்தேடிச் சேர்த்த ஏறத்தாழ 1,00,000 நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளுமே இந்நூலகத்தின் அடித்தளம். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே, சென்னையில் வைத்துப் பேணும் ஏற்பாட்டைச் செய்ததால், 1994இல் இந்நூலகம் உருவாயிற்று. இது அரசு நூலகம் அன்று. அறக்கட்டளை ஒன்று நடத்துவது. பொது நூலகம் போல அலமாரிகளுக்கிடையே உலவி நூலை எடுத்துப் புரட்டலாம் என்று எண்ணிச் செல்லக்கூடாது. வேண்டிய நூலைக் குறித்துக் கொடுத்தால், பணியாளர்கள் எடுத்துத் தருவார்கள். பின்வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறப்பவை.

படி 1: கேள்வியைக் குறுக்குதல்

முதல் முறை சென்றபோது, "பழைய பாட்டுப் புத்தகங்களைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு நின்றேன். எந்தக் காலம், எந்தப் பொருள் என்று கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அரை நாள் வீணாயிற்று. "1920களில் கள்ளுக்கடை மறியலைப் பற்றி வந்த காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள்" என்று கேட்டிருந்தால் அன்றே வேலை தொடங்கியிருக்கும். காலம், பொருள், வெளியீட்டின் வகை ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுத முடியும்வரை வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

படி 2: வீட்டிலிருந்தே பட்டியலில் தேடுதல்

நூலகத்தின் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். தமிழில் தட்டச்சு செய்து கிடைக்காவிட்டால், நூல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகளை உரோமன் எழுத்தில் பதியும் முறையொன்று நெடுங்காலமாக உண்டு. அது நம் ஒலிப்பைப் பின்பற்றாமல் எழுத்தைப் பின்பற்றுகிறது. சகரத்துக்கு 'எஸ்' வராது, 'சி' என்னும் ஆங்கில எழுத்தே வரும். முருகன் என்பதில் நாம் 'ஜி' என்று ஒலிக்கும் ககரமும் அங்கே 'கே'தான். பந்து என்பதில் உள்ள தகரத்துக்கு 'டி' (d) என்று எழுதத் தோன்றும். அங்கே 'டீ' (t) என்னும் எழுத்தே இருக்கும். இந்த மூன்றை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். கிடைத்த நூல்களின் பதிவு எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: முன்னதாகத் தெரிவித்தல்

நூலகம் திறந்திருக்கும் நேரம், விடுமுறை, நகல் எடுப்பதற்கான கட்டணம் ஆகியவை மாறக்கூடியவை என்பதால் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்டுக்கொண்டு செல்லுங்கள். அடையாள அட்டை அவசியம். மாணவராயின் துறைத்தலைவரின் கடிதமும் உடன் இருப்பது நல்லது.

படி 4: சென்று சேர்தல்

நூலகம் மத்திய பாலிடெக்னிக் வளாகத்தில் இருக்கிறது, ஆட்டோக்காரரிடம் "தரமணி சி.பி.டி. வளாகம்" என்று சொல்லுங்கள். பறக்கும் ரயிலில் வருவோர் இந்திரா நகரிலோ திருவான்மியூரிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

படி 5: நூலைக் கையாளுதல்

முதலில் நுண்படமாகவும் (மைக்ரோஃபிலிம்) பின்னர் டிஜிட்டல் வடிவிலும் பல நூல்கள் படியெடுக்கப்பட்டுள்ளதால், மூல நூலுக்குப் பதிலாகக் கணினித் திரையில் படிக்கச் சொல்லக்கூடும். அதில் வருந்த ஒன்றுமில்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய மலிவுத்தாள் ஓரங்களில் பழுப்பேறி, அப்பளம் போல நொறுங்கும். ஒவ்வொரு புரட்டலுக்கும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். மூல நூலே கைக்கு வந்தால், விரலை நாக்கில் தொட்டுப் புரட்டும் நம் பழக்கத்தை மறந்துவிடுங்கள். தாளின் மேல்மூலையைப் பிடித்து மெல்லத் திருப்பி, நூலை முழுவதும் விரித்து அழுத்தாமல் படிக்க வேண்டும். குறிப்பெடுக்கப் பென்சில்தான். கைப்பேசியில் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

படி 6: முகப்புப் பக்கத்தின் ஆண்டைக் கணித்தல்

புதியவர்கள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். பழைய நூல்கள் பலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. "பிரபவ வருடம் மாசி மாதம்" என்பது போலத்தான் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சி ஆதலால் பிரபவ என்பது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். தாளின் நிலை, அச்சகத்தின் பெயர், நூலாசிரியரின் காலம் ஆகியவற்றை வைத்தே எது என்று தீர்மானிக்க வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், 1927இல் பிறந்த பிரபவ ஆண்டின் மாசி மாதம் 1928 பிப்ரவரி, மார்ச்சில்தான் வருகிறது.

ஆங்கில எண் கண்ணில் பட்டாலும் உடனே நம்பிவிட முடியாது. 1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டப்படி பதிவு செய்யப்பட்டது என்ற குறிப்பைப் பல நூல்களில் காணலாம். அது அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டத்தின் ஆண்டு; நூல் வெளிவந்த ஆண்டு அன்று. 1930களில் அச்சான சிறுநூலை 1867ஆம் ஆண்டு நூல் என்று நான் நோட்டில் எழுதி வைத்து, மகிழ்ந்து, பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறேன். சில நூல்களில் ஆண்டு ௲௮௱௬௰௭ என்று தமிழ் எண்களிலேயே இருக்கும். ஆயிரம், எட்டு நூறு, ஆறு பத்து, ஏழு என்று இடமிருந்து வலமாகப் படித்தால் 1867 வந்துவிடும்.

படி 7: திருப்பிக் கொடுக்குமுன்

நூலை ஒப்படைப்பதற்கு முன் தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு, பக்க எண், பதிவு எண் ஆகியவற்றைச் சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு அச்சகங்கள் வெளியிட்ட பாட்டுப் புத்தகங்கள் ஏராளம் உண்டு. அச்சகத்தின் பெயரைக் குறிக்காமல் வந்துவிட்டால், அடுத்த முறை அதே நூலைத்தான் கேட்கிறோமா என்பது நமக்கே தெரியாது.