பித்தப்பை, குடல்வால் லேப்ராஸ்கோபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப்ராஸ்கோபியை, அதாவது சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் அறுவையை, புதிதாகக் கற்க வருபவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்று தெரிகிறது. எங்கள் தலைமுறை எங்கெங்கே இடறியதோ, அங்கேயேதான் இவர்களும் இடறுகிறார்கள். கேமராவில் ஆவி படிவது, கருவி திரையை விட்டு வெளியே போவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன். நோயாளி காலமெல்லாம் சுமக்க வேண்டியிருக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் துளை

கேமரா உள்ளே போகும்வரை நாம் எதையும் பார்ப்பதில்லை. ஒல்லியான உடம்பில் தொப்புளுக்கும் மகாதமனிக்கும் இடையே நாம் நினைப்பதைவிடக் குறைந்த தூரமே இருக்கிறது. முன்பு வயிற்றில் திறந்த அறுவை நடந்திருந்தால், தழும்புக்கு அடியில் குடல் ஒட்டியிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வாயு ஏற்றும் ஊசியைக் கண்மூடித்தனமாகக் குத்திப் பார்க்காதீர்கள். தழும்பை விட்டு விலகி, சிறிதாகத் திறந்து, உள்ளே போய்விட்டோம் என்று கண்ணால் பார்த்தபிறகு போர்ட்டை, அதாவது கேமராவும் கருவிகளும் நுழையும் குழாயை, செருகுங்கள். வயிற்றை உப்பவைக்கும் வாயுவின் அழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம் போதும்.

தெரிந்துகொள்ளாமல் வெட்டுவது

இத்தனை காலம் கழித்தும் என்னைக் கோபப்படுத்துவது இந்தத் தவறுதான்.

கல்லீரலில் சுரக்கும் பித்தம் பொதுப் பித்தநாளம் வழியாகக் குடலுக்குப் போகிறது. பித்தப்பை அதிலிருந்து கிளைக்கும் சிறு குழாயில், அதாவது சிஸ்டிக் டக்டில், தொங்குகிறது. நாம் வெட்ட வேண்டியவை அந்தச் சிறு குழாயும் பித்தப்பைக்குப் போகும் தமனியும் மட்டுமே. பொதுப் பித்தநாளத்தைச் சிஸ்டிக் டக்ட் என்று நினைத்து வெட்டிவிட்டால், கல்லீரலுக்கும் குடலுக்கும் இருந்த பாதையே போய்விடும். அறுவை மருத்துவர் எரிக் மூஹே 1985-இல் ஜெர்மனியில் முதன்முதலாக லேப்ராஸ்கோபி வழியே பித்தப்பையை எடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் இந்த முறை உலகமெங்கும் பரவியபோது, பித்தநாளக் காயங்களும் திறந்த அறுவைக் காலத்தைவிடக் கூடின. 1,000 பேரில் 3 முதல் 5 பேர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு.

இப்படி வெட்டியவர்கள் கைத்திறன் இல்லாதவர்கள் அல்ல. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு 252 பித்தநாளக் காயங்களை அலசியது. அவற்றில் 97 சதவீதத்துக்குக் காரணம் கண் ஏமாந்ததுதான். மங்கிய வெளிச்சத்தில் பழுதையைப் பாம்பென்று முடிவு கட்டிவிட்டவனுக்கு அது நெளிவதும் தெரியும். ‘இதுதான் சிஸ்டிக் டக்ட்’ என்று மனம் முடிவு செய்துவிட்டால், குழாய் தடிமனாக இருப்பதும் குழாயை இறுக்கி அடைக்கும் ஒரு கிளிப்புக்குள் அடங்காததும் உறுத்துவதே இல்லை.

அண்மையில் ஒரு பயிற்சி மருத்துவர் கையில் கிளிப்பரோடு, “சார், டக்ட் கிளியரா தெரியுது, கிளிப் போட்டுடலாமா?” என்றார். “பின்பக்கத்தைக் காட்டுங்க” என்றேன். புரட்டினார். அவர் காட்டிய குழாய் பித்தப்பைக்குள் போகவில்லை. அதன் பின்னால் கல்லீரலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. உதவியாளர் பித்தப்பையின் கழுத்தையும் தோள்பட்டைப் பக்கமாகவே இழுத்துப் பிடித்திருந்ததால், இரண்டு குழாய்களும் ஒரே கோடாக நீண்டுவிட்டன. நுனியை மேலேயும் கழுத்தை வலப்புறமாக வெளியேயும் இழுக்கச் சொன்னேன். கோடு உடைந்து, இரண்டு குழாய்களுக்கும் நடுவே கோணம் விரிந்தது. மெல்லிய சிஸ்டிக் டக்ட் தனியாகத் தெரிந்தது.

அறுவை மருத்துவர் ஸ்டிராஸ்பெர்க் 1995-இல் ‘கிரிட்டிகல் வியூ ஆஃப் சேஃப்டி’ (வெட்டுமுன் கிடைத்தாக வேண்டிய பாதுகாப்பான காட்சி) என்று பெயரிட்டு மூன்று நிபந்தனைகளைத் தெளிவாக வைத்தார். சிஸ்டிக் டக்ட், கல்லீரல் நாளம், கல்லீரலின் அடி ஆகியவற்றுக்கு நடுவே உள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் முழுக்க நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுகையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் போகிறவை இரண்டே இரண்டு என்று முன்னும் பின்னும் பார்த்துத் தெரிய வேண்டும். மூன்றில் இரண்டு கிடைத்தால் போதும் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் அறுவைக் குறிப்பில் ‘வியூ கிடைத்தது’ என்று எழுதியிருப்பார்கள். வீடியோவைப் போட்டால் படுகை பிரிக்கப்படவே இல்லை. இதற்கு என்னிடம் பொறுமை கிடையாது.

வேறு இடத்தில் அறுவை முடிந்து ஒரு வாரம் கழித்து எங்களிடம் வந்த ஓர் இளம் பெண், கண் மஞ்சளாக, வயிறு உப்பி வந்தார். பித்தநாளம் முழுதாக வெட்டுப்பட்டிருந்தது. முதலில் கசிவை வடித்து, தொற்றை அடக்கி, பல வாரம் காத்திருந்து, அதன்பின் குடலைக் கல்லீரல் நாளத்தோடு இணைத்துத் தைக்க வேண்டியிருந்தது. அந்த இணைப்பு சுருங்குகிறதா என்று அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அழற்சியால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, முக்கோணம் திறக்கவே இல்லை என்றால் நிறுத்துங்கள். கல்லீரலின் அடிப்பரப்பில் ரூவியர் பள்ளம் என்ற பிளவைத் தேடி, அதற்குக் கீழே போகாமல் இருங்கள். மூத்தவரை அழையுங்கள். பித்தப்பையைத் திறந்து, கற்களை எடுத்து, கழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் அகற்றலாம். வயிற்றைத் திறந்தும் செய்யலாம். இவற்றைத் தோல்வி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ரத்தத்துக்குள் கிளிப் போடுவது

கூடாது. அழுத்திப் பிடித்து, காத்திருந்து, உறிஞ்சிவிட்டுப் பாருங்கள்.

கிளிப் அருகே டயதெர்மி

டயதெர்மி மின்சாரச் சூட்டால் திசுவை வெட்டும், ரத்தத்தை நிறுத்தும் கருவி. கிளிப்பின் உலோகம் அந்தச் சூட்டைக் குழாய்க்குக் கடத்தும். கசிவு சில நாள் கழித்துத்தான் தெரியும்.

குடல்வாலில் மிச்சம் விடுவது

வீங்கிய நுனி எளிதாகக் கைக்கு வந்துவிடும், அடிப்பகுதி வராது. பெருங்குடலின் மூன்று தசைப் பட்டைகளும் சேரும் இடம்தான் அடி. அதைக் காணாமல் முடிச்சுப் போட்டால் நீளமான அடிக்கட்டை தங்கி, பிறகு அதுவே அழலும். அப்போது “குடல்வாலைத்தான் எடுத்தாச்சே” என்று எல்லோரும் வேறு நோயைத் தேடுவார்கள். 5 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள். உள்ளேயிருந்து நழுவிய மலக்கல்லைத் தேடி எடுங்கள், விட்டால் சீழ்க்கட்டியாகும். ஓட்டையான குடல்வால் என்றால் முதலில் சீழை உறிஞ்சுங்கள். லிட்டர் கணக்கில் தண்ணீர் ஊற்றினால் சீழ் கல்லீரலுக்கு மேல்வரை பரவும்.

குடல்வால் நன்றாகவே இருக்கிறதா? கேமரா உள்ளேதானே இருக்கிறது, சினைப்பைகளையும் சிறுகுடலின் கடைசி 60 செ.மீ.யையும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

பையில்லாமல் இழுத்தெடுப்பது

அகற்றிய உறுப்பைப் பைக்குள் போட்டு எடுக்காவிட்டால் துளையில் சீழ் பிடிக்கும். புற்றாக இருந்தால் அங்கேயே விதைக்கப்படும்.

திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பாதது

எடுத்தது எதுவானாலும் அனுப்புங்கள்.

“வாயு வலிதான்” என்று அனுப்பிவிடுவது

வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலி வருவது உண்மை. ஓரிரு நாளில் அது தணியும். இந்த அறுவைக்குப் பிறகு நோயாளி நாளுக்கு நாள் தேறத்தான் வேண்டும். வலி கூடினால், காய்ச்சலோ வேகமான நாடியோ இருந்தால், சாப்பிட முடியாமல் சோர்ந்து கிடந்தால், மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். அன்றே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்யுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போதே இந்த அறிகுறிகளைக் கூட இருப்பவர்களிடமும் சொல்லி, நடு இரவானாலும் அழைக்க ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்புங்கள்.