லித்தியம் பேட்டரியில் பாதியில் நின்ற சார்ஜ்

வீட்டு இன்வெர்ட்டரில் டியூபுலர் (லெட் ஆசிட் வகை) பேட்டரியை எடுத்துவிட்டு 12.8 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்தோம். சார்ஜ் ஏறும், திடீரென்று நின்றுவிடும். பேட்டரியே கோளாறு என்றார்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சார்ஜர் 15 வோல்ட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. லெட் ஆசிட் பேட்டரியின் செல்களைச் சமப்படுத்தக் கூடுதல் வோல்ட்டில் ஏற்றும் ஈக்வலைஸ் சார்ஜ் அது. லித்தியத்தில் 4 செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல்லுக்கு உச்சம் 3.65 வோல்ட், ஆக மொத்தம் 14.6. அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜை வெட்டிவிடும். வெட்டத்தான் வேண்டும்.

நல்லவேளை, இன்வெர்ட்டரில் லித்தியம் மோடு இருந்தது. சார்ஜ் 14.2, ஃப்ளோட் (நிறைந்த பிறகு அப்படியே வைத்திருக்கும் அளவு) 13.5 வோல்ட், கரண்ட் 20 ஆம்பியர் என்று வைத்து, ஈக்வலைஸை அணைத்தேன். அப்புறம் ஒரே சீராக ஏறுகிறது. இந்த மோடு இல்லாதவர்கள் லித்தியம் சார்ஜரைத் தனியாக வாங்குங்கள். பிஎம்எஸ்ஸைக் கழற்றி நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.