முதல் கேம்பிங் கத்தி: புதிதாக வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலையேற்றத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சில மாதங்களிலேயே மடக்குக் கத்தி போதாது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உறையில் செருகும் மடங்காத கத்தி ஒன்றை வாங்கி வந்து பெருமையாகக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது நான் முதலில் வாங்கிய அதே கத்திதான், பிராண்ட் மட்டும் வேறு. கையை வெட்டிக்கொள்ளாதே, ஈரத்தோடு உள்ளே வைக்காதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது யாருக்கும் தெரிந்ததுதான்.

தடிமனில் மயங்குவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "இதை வெச்சு கார் கதவையே நெம்பலாம் சார்" என்று சொல்லி விற்கிறார்கள். கார் கதவை நெம்பவா ஏற்காட்டுக்குப் போகிறோம்?

கொல்லிமலையில் ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரம் போட்டிருந்தோம். சாம்பாருக்குக் காய் நறுக்க, உடன் வந்த தம்பி புதுக் கத்தியை உருவினார். கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், ஆறு மில்லிமீட்டர் தடிமன். கேரட்டில் வைத்து அழுத்தினார். பாதி இறங்கியதும் டக்கென்று பிளந்து, ஒரு துண்டு அடுப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. தக்காளி இன்னும் மோசம். தோல் அறுபடுவதற்குள் பலகை முழுக்கச் சாறு. கடைசியில் தோட்டக்கார அம்மா அரிவாள்மனையைக் கொண்டுவந்து போட்டு, எதுவும் சொல்லாமல் போனார்.

கூர் மழுங்கியிருக்கவில்லை. கூருக்குப் பின்னால் வரும் இரும்புதான் பிரச்சினை. அலகு உள்ளே இறங்க இறங்க, அந்தப் பருமன் காயை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. நறுக்குவதற்குப் பதில் ஆப்பு அடிக்கிற வேலை நடக்கிறது.

"விறகு பிளக்க வேண்டாமா?" என்பார்கள். வெட்டுவதற்கு வேண்டியது நீளமும் முன்பக்கம் கனமும். ஐந்து அங்குலக் கத்தி எவ்வளவு தடியாக இருந்தாலும் அது வராது. அதற்குக் கொல்லன் பட்டறை வெட்டுக்கத்தி இருக்கிறது, விலையும் குறைவு. முகாமில் தேவைப்படுகிற சுள்ளியில் பாதி, காலால் மிதித்தாலே உடையும். மெல்லிய கட்டைகளைப் பிளக்க, கத்தியை மேலே வைத்து இன்னொரு கட்டையால் தட்டினால் மூன்று மில்லிமீட்டர் அலகே தாங்கும்.

இன்னொரு வில்லங்கம் சாணை பிடிக்கும்போது வரும். தடித்த அலகில் கூருக்கு மேலே தேய்க்க வேண்டிய இரும்பு அதிகம். புதியவர் அரை மணி நேரம் கல்லில் உரசிப் பார்த்துவிட்டு, தனக்குச் சாணை பிடிக்க வராது என்று ஒதுங்கிவிடுவார். கத்தி பீரோவுக்குப் போய்விடும், கொடுத்த காசும் அதோடு சரி.

நான்கு அங்குல அலகு, இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் தடிமன் போதும். ஸ்வீடனின் மோரா ஊர்க் கத்திகள் உலகம் முழுக்க முதல் கத்தியாகப் பரிந்துரைக்கப்படுவது சும்மா இல்லை. அந்த ஊர் மோராக்னிவ் நிறுவனத்தின் ஸ்டெயின்லெஸ் கம்பேனியன் மாடல் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

ஸ்டீல் பெயரை மனப்பாடம் செய்வது

கடையில் சொல்லும் ஸ்டீல் ரகப் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், முதல் கத்திக்கு ஸ்டெயின்லெஸ் போதும். கார்பன் ஸ்டீலில் கூர் ஏற்றுவது சுலபம்தான். ஆனால் வால்பாறை மழையில் நனைந்த தோல் உறைக்குள் ஓர் இரவு விட்டுவைத்தால், காலையில் துருவின் செம்புள்ளி நிற்கும். கார்பன்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் உறையாகப் பார்த்து வாங்கி, துடைத்து லேசாக எண்ணெய் தடவி வையுங்கள்.

பிடியைப் பிடித்துப் பார்க்காதது

கையை நனைத்துக்கொண்டு இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். விரல் முன்னால் நழுவி அலகில் ஏறாதபடி சின்னத் தடுப்பாவது இருக்கட்டும்.

இருபக்கக் கூர்

வேண்டாம். அழுத்தும்போது கட்டைவிரலை எங்கே வைப்பீர்கள்?

பிடிக்குள் தூண்டிலும் தீக்குச்சியும்

இவற்றை வைப்பதற்காகப் பிடி உள்ளே காலியாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் அலகின் இரும்பு பிடிக்குள் முழுதாகப் போகவில்லை என்று அர்த்தம். அப்புறம் அது எங்கே கழன்று வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தைக் கடைசியில் யோசிப்பது

2016 ஆயுத விதிகளின்படி, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கென்று செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. நான்கு அங்குலக் கத்திக்கு இந்தக் கவலை இல்லை.

ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துபூர்வ முன் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் கத்தியும் உண்டு, அளவு எதுவும் குறிப்பிடவில்லை. தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். டாப்ஸ்லிப், முதுமலைப் பக்கம் போகிறீர்கள் என்றால் வனத்துறையிடம் கேட்காமல் கத்தியைப் பையில் போடாதீர்கள்.