மணிக்கட்டில் எலும்புக் கட்டி: ஊருக்குப் போய் அறுவை செய்ய நினைப்பவர்களுக்கு

லீவுக்கு ஊருக்குப் போகிறோம், அப்படியே கையையும் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் வெளிநாட்டில் வாழும் நம்மில் நிறையப் பேர். பல்லுக்கும் கண்ணாடிக்கும் அது சரி. மணிக்கட்டு எலும்பில் கட்டி என்று ஸ்கேன் அறிக்கை வந்திருந்தால் அந்தக் கணக்கு உதவாது. சிகிச்சை எத்தனை கட்டம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் டிக்கெட் போட வேண்டும்.

முதலில் ஒரு ஆறுதல். மணிக்கட்டின் மேல்புறம் உருண்டையாகத் துருத்திக்கொண்டு வருவது பெரும்பாலும் கேங்லியன் எனும் நீர்க்கட்டி. அதற்கும் எலும்புக்கும் சம்பந்தமில்லை. எலும்புக்குள்ளேயே இருப்பதுதான் இங்கே பேச்சு. சிறிய மணிக்கட்டு எலும்புகளில் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா எனும் புற்றுநோய் அல்லாத சின்னக் கட்டி வரலாம். இரவில் வலி கூடும், வலி மாத்திரை போட்டால் சட்டென்று அடங்கும். முன்கையின் ரேடியஸ் எலும்பு மணிக்கட்டைச் சந்திக்கும் முனையில் அதிகம் பேசப்படுவது ஜயன்ட் செல் ட்யூமர், சுருக்கமாக ஜிசிடி. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வரும். முழங்காலை ஒட்டிய இரண்டு எலும்பு முனைகளுக்கு அடுத்தபடியாக அது அதிகம் பிடிக்கும் இடம் இதுதான். வழக்கமாகப் புற்றுநோய் அல்ல. ஆனால் எலும்பை அரிக்கும், எடுத்த இடத்திலேயே மறுபடி முளைக்கும், அரிதாக நுரையீரலுக்கும் போகும். அதனால்தான் கைக்கு அறுவை என்றாலும் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் கேட்கிறார்கள். வீண் செலவு என்று அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பயாப்ஸி, அதாவது சோதனைக்காகக் கட்டியில் கொஞ்சம் சதை எடுப்பது பற்றி. சின்ன ஊசிதானே, இங்கேயே எடுத்துவிட்டு அங்கே போய் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். கட்டியின் செல்கள் ஊசி போன பாதையிலும் தங்கலாம். கட்டியை எலும்போடு வெட்டி எடுக்க நேர்ந்தால் அந்தப் பாதையையும் தழும்பையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். அறுவை செய்யப்போகும் மருத்துவர் எந்தக் கோட்டில் கத்தி வைப்பாரோ, அதே நீளவாட்டுக் கோட்டில் பயாப்ஸி இருக்க வேண்டும். குறுக்காக ஒரு வெட்டு விழுந்துவிட்டால் அவருக்கு வேலை இரட்டிப்பு, உங்களுக்குத் தசைநாண் இழப்பு. 1982இல் அமெரிக்க மருத்துவர் மேன்கின் குழுவினர் இதை ஆராய்ந்தபோது, இறுதிச் சிகிச்சை தரும் மையத்தில் அல்லாமல் வேறிடத்தில் பயாப்ஸி எடுத்தவர்களுக்கே சிக்கல்கள் அதிகம் என்று கண்டார்கள். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? பரவாயில்லை. அறிக்கைத் தாளோடு நிறுத்தாமல், எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டைகளையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். அங்குள்ள நோயியல் மருத்துவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எம்ஆர்ஐயும் எக்ஸ்ரேயும் அசல் கோப்புகளாக சிடியிலோ பென்டிரைவிலோ இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்து யாரும் எலும்பு வெட்ட முடியாது.

கூடவே ரத்தத்தில் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் அளவு பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் எலும்பில் ஜிசிடி போலவே ஒரு குழி விழும். அதற்கு வைத்தியம் கழுத்தில், கையில் அல்ல.

சரி, அறுவைக்கு வருவோம். எலும்பின் ஓடு பெரும்பாலும் நன்றாக இருந்தால் ஒரு ஜன்னல் வெட்டிக் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு வேகமாகச் சுழலும் பர் கருவியால் குழியின் சுவரைத் தேய்த்து, சில இடங்களில் மிச்சச் செல்களைக் கொல்ல ஃபீனால் எனும் ரசாயனம் தடவி, எலும்பு சிமென்ட்டால் நிரப்புவார்கள். சிமென்ட் சில நிமிடங்களில் கெட்டியாகும். அப்போது வரும் சூடு மிச்சமிருக்கும் செல்களையும் தாக்கும் என்று கருதப்படுகிறது. கட்டி மறுபடி வந்தால் எக்ஸ்ரேயில் சிமென்ட்டின் ஓரத்தில் எலும்பு அரிபட்டுக் கருமையாகத் தெரியும் என்பது இதில் ஒரு வசதி.

ஓடு உடைந்து கட்டி வெளியே வந்திருந்தால் ரேடியஸின் முனையையே வெட்டி எடுக்க வேண்டிவரும். அந்த இடத்தில் பலர் வைப்பது காலின் ஃபிபுலா எலும்பின் மேல்முனை. வடிவம் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. அசைவு ஓரளவு மிஞ்சும், ஆனால் பின்னாளில் மூட்டு விலகலும் தேய்மானமும் வரலாம். மணிக்கட்டை அசையாமல் இணைத்துவிடுவது இன்னொரு வழி. கை மடங்காது, பிடி உறுதியாக இருக்கும். பாரம் தூக்கும் வேலை செய்பவருக்கு இரண்டாவதே மேல் என்பது என் எண்ணம். உங்கள் வேலை என்ன என்று மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள்.

ஃபிபுலா எடுக்கிறார்கள் என்றால் காயம் கையில் ஒன்று, காலில் ஒன்று. ஊன்றுகோல் பிடிக்கத்தான் கை வேண்டும், அந்தக் கையில்தான் கட்டு போட்டிருக்கும்! துணைக்கு ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். திரும்பும்போது விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றிப் போகும் நரம்பு அடிபட்டால் பாதம் தொங்கக்கூடும். அதையும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டு போட்டு 48 மணி நேரத்துக்குள் பறப்பதாக இருந்தால் பல விமான நிறுவனங்கள் மாவுக்கட்டைப் பிளந்துவிடச் சொல்லும், உள்ளே வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதற்காக. இது குறைந்தபட்ச விதிதான். தையல் பிரிக்கவே சுமார் 2 வாரம் ஆகும், ஒட்டிய எலும்பு சேரப் பல மாதம். சாதாரணப் பயணக் காப்பீடு திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்குப் பொதுவாகப் பணம் தராது, பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

ஜிசிடியைக் கட்டுப்படுத்தத் தரும் டெனோசுமாப் ஊசி போடுபவர்கள் ஊருக்குப் போன கையோடு பல் பிடுங்கிக்கொள்ள வேண்டாம், தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். சுரண்டி எடுக்கும் அறுவைக்கு முன் இந்த ஊசி போட்டால் கட்டியின் ஓரம் கெட்டியாகி, செல்கள் உள்ளே ஒளிந்துகொண்டு மீண்டும் முளைக்கும் வாய்ப்பு கூடலாம் என்ற கவலையும் மருத்துவர்களிடம் உண்டு. ஊசியின் தேதிகளை எழுதிக் கொண்டுபோங்கள்.

திரும்பி வருமுன் அறுவைக் குறிப்பு, எடுத்த கட்டியின் நோயியல் அறிக்கை, எலும்பைப் பிடித்து நிறுத்த உலோகப் பிளேட் வைத்திருந்தால் அதன் விவரச் சீட்டு மூன்றையும் வாங்கிவிடுங்கள். அப்புறம் நீங்கள் வாழும் நாட்டில் உங்களைத் தொடர்ந்து பார்க்கப்போகும் மருத்துவரிடம் புறப்படும் முன்பே பேசி முதல் தேதியை வாங்கிவையுங்கள். மறுமுளைப்பு அதிகமும் முதல் 2, 3 ஆண்டுகளில்தான் வரும். அந்தக் காலத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை கை எக்ஸ்ரே, இடையிடையே நெஞ்சுப் படம் என்று போய்க்கொண்டே இருக்கும்.